மருந்துப் பையோடு கோணமாமலைக்கு

திருஞானசம்பந்தர் திருகோணமலைக்கு வந்ததில்லை. இராமேச்சரத்தில் நின்றபடியே, கடலுக்கு இந்தப் பக்கம் எழுந்தருளியிருக்கும் கோணநாதரை நினைந்து பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மூன்றாம் திருமுறையில் இருக்கும் அந்தப் பதிகம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பாடம். எனக்கும் அப்படித்தான். பாடியவர் வராமலே பாடினார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில், புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோதுதான் விளங்கியது. அங்கிருந்து கோணேசர் கோயில் எவ்வளவு தூரம்! ஒரு கையில் ஊசி, வாயெல்லாம் புண். குரல் எழும்பாது. மனதுக்குள்ளே 'தாயினும் நல்ல தலைவர்என்று அடியார்' என்று தொடங்குவேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா பின்னேரமானால் ரேடியோவில் பிரித் என்ற பௌத்த ஓதல் கேட்பா. அவவுடைய பிரித்தும் என் தேவாரமும் ஒரே நேரத்தில் நடக்கும். இருவருக்கும் ஒரே நிற மருந்துதான் ஏறிக்கொண்டிருந்தது.

முதல் வந்தது மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, 'இனிச் சுகம்' என்று வீட்டில் பொங்கிப் படைத்தோம். சில வருடங்களில் முதுகு நோகத் தொடங்கியது. ஸ்கானில் முள்ளந்தண்டில் பரவியிருப்பது தெரிந்தது. வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்: "அம்மா, இதை முழுசா இல்லாமல் ஆக்க ஏலாது. கட்டுப்படுத்தி வைக்கலாம். கனகாலம் வைச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம்." அன்றிலிருந்து தினமும் ஹோர்மோன் குளிசை. இடைக்கிடை கிளினிக்குக்குப் போய், எலும்பைப் பலப்படுத்தும் மருந்தைச் சேலைனோடு ஏற்றிக்கொண்டு வருவேன். பாரம் தூக்கக் கூடாது, விழக் கூடாது, அவ்வளவுதான் கட்டளை. மற்றபடி நான் சமைக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மனிடம் போகிறேன்.

மலைக்கோயிலுக்கு மட்டும் போகாமலே இருந்தேன். ஏறுவேனா என்ற பயம். இந்த முறை ஸ்கான் ரிப்போர்ட் 'கூடவில்லை' என்று வந்ததும் மகள் பிடிவாதமாக நின்றாள். அவள்தான் எல்லாவற்றையும் திட்டமிட்டாள். வெயில் ஏறமுன் போகவேண்டும், ஓட்டோவில் கோட்டைக்குள்ளால் போய் எவ்வளவு தூரம் விடுவார்களோ அவ்வளவு தூரம் போகவேண்டும், கூட்டமில்லாத கிழமை நாளாக இருக்கவேண்டும். அர்ச்சனைத் தட்டும் மருந்துப் பையும் ஒரே கூடைக்குள் போயின.

பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டும்போது என் கணவர் ஓட்டோவை மெதுவாக்கச் சொன்னார். வாசல் கல்லில் வெட்டியிருக்கும் மீன்களை மகனுக்குக் காட்டத்தான். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். குளக்கோட்ட மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டும் அந்த வாசலில்தான் இருக்கிறது. உள்ளே மர நிழலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. மகனுக்கு மீனிலும் பார்க்க மானில்தான் விருப்பம்.

கடைகளைத் தாண்டிச் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கீமோவுக்குப் பிறகு என் பாதங்கள் இரண்டும் விறைத்துப் போயின. சூடு குளிர் சரியாகத் தெரியாது. சுடுகல்லில் நின்றால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மகள் எனக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்தாள். ஒவ்வொரு கல்லிலும் தன் காலை வைத்து ஒரு கணம் நின்று பார்ப்பாள். "இது சரி, வாங்கோ. இதில வேண்டாம், இந்தப் பக்கம்." படிகளில் இவர் என் இடது பக்கம் வந்தார். சத்திரசிகிச்சை செய்தது வலது பக்கம். அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாதென்று அவருக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. இரண்டு இடத்தில் இருந்து எழும்பினேன். கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. நான் படி ஏறியதைவிட, அவள் கால் வைத்துப் பார்த்ததுதான் எனக்கு அன்றைய பெரிய தரிசனம். கோணேசர் கோபிக்க மாட்டார்.

காலைப் பூசை. தீபாராதனை முடிந்து பஞ்சபுராணம் பாடும் நேரம் வந்தது. தேவாரத்தை மகள் பாடினாள். அவள் எடுத்தது அதே பாட்டு. 'கோயிலுஞ் சுனையுங் கடலுடன் சூழ்ந்த கோணமா மலையமர்ந் தாரே' என்று அவள் முடித்தபோது, அந்தக் கோயிலும் அந்தக் கடலும் என்னைச் சுற்றி இருந்தன. வைத்தியசாலைக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கட்டி எழுப்பியதெல்லாம் கண்ணைத் திறந்ததும் நேரே நின்றது. அழுதேன். மாதுமை அம்பாள் சந்நிதியிலும் அழுதேன். என்ன கேட்டாய் என்று மாமி பிறகு விசாரித்தா. ஒன்றும் கேட்க வரவில்லை. கேட்கவேண்டியதையெல்லாம் அந்தக் கட்டிலிலேயே கேட்டு முடித்துவிட்டேன். அன்று நன்றி சொல்ல மட்டுமே வாய் வந்தது.

இடித்த கோயிலின் மூர்த்தங்களை அடியார்கள் மண்ணுக்குள் மறைத்து வைத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது அவற்றில் சில வெளியே வந்தன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் இந்த மலையடியில் சுழியோடிக் கடலுக்குள் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் குடமுழுக்கு நடந்தது. முந்நூறு வருடத்துக்கு மேல் மலையில் பெருங்கோயில் இல்லை. அந்தக் காலத்திலும் சனம் இந்தப் பாறைக்கு வந்து, கடலைப் பார்த்துப் பூவும் தேங்காயும் வைத்துக் கும்பிட்டிருக்கிறது. அவர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இருந்ததை இழந்த பிறகும், இருக்கிற இடத்தில் நின்று கும்பிட்டவர்கள் அவர்கள். ஒரு மார்பை இழந்தவளுக்கு அந்தப் பக்தி நன்றாகப் புரியும்.

பாறையில் பிளவாகத் தெரியும் இராவணன் வெட்டுப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு அம்மா அருகில் வந்தா. என்னைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டா போலிருந்தது. தன் தங்கைக்கும் இதே வருத்தம், கீமோ தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் தங்கை, "கோயிலில நேர்த்தி வைச்சிட்டன், மருந்து வேண்டாம்" என்று நிற்கிறாவாம். "நீங்கள் கும்பிட்டுத்தானே சுகமானீங்கள்?" என்று கேட்டா.

"அக்கா, நான் கும்பிட்டன், மருந்தும் எடுத்தன். இப்பவும் இரண்டும் நடக்குது," என்றேன். கூடைக்குள் இருந்த குளிசைப் பெட்டியை எடுத்துக் காட்டினேன், விபூதிப் பையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. "தங்கச்சியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நேர்த்தியைச் சுகமான பிறகு தீர்க்கட்டும். கோணேசர் எங்கயும் போகமாட்டார். வருத்தம்தான் பார்த்துக்கொண்டு நிக்காது." இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. தொடக்கத்திலேயே பிடித்தால் மாற்றக்கூடிய நோயை, பக்தியின் பெயரால் பரவவிடுவது பாவம். எங்கள் அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சையை இலவசமாகவே தருகிறார்கள். அதையும் அவன் அருள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

'மனதைத் தைரியமாக வைத்திரு, எல்லாம் மாறிவிடும்' என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் நோய் கூடினால், தைரியம் போதாமல் போனதென்று நோயாளி தன்னையே நோகவேண்டி வரும். பயப்படலாம், அழலாம். எனக்குத் தைரியம் என்பது அழுதுவிட்டு எழும்பி முகம் கழுவுவது. மகன் ஒருநாள் பாயில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அம்மா, நீங்கள் செத்துப்போவீங்களா?" என்று கேட்டான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "எப்ப எண்டு தெரியாதப்பன். இண்டைக்கு இல்லை. எழும்பு, சோறு போட்டுத் தாறன்," என்றேன். எழும்பி வந்து நன்றாகச் சாப்பிட்டான். அந்த 'இண்டைக்கு இல்லை' எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. காலையில் நான் தேத்தண்ணி ஊற்றும்போது இவரும் சொல்வார். மாமி எனக்காகக் கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறா. நான் பிடிப்பதில்லை, வைத்தியர் விடவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பட்டினி கிடப்பதும் குடும்பம் தானே.

நோயாளியோடு மலைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில சொல்லவேண்டும். கீமோ நடக்கும் காலத்தில், மருந்து ஏற்றி ஒன்றிரண்டு கிழமைக்குள் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறையும். அந்த நாட்களில் சனக்கூட்டத்துக்குள் கூட்டிப் போகவேண்டாம். தீர்த்தம், சுண்டல், வெட்டி வைத்த பழம் எதுவும் வேண்டாம், விபூதி போதும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். எலும்பில் பரவியிருப்பவர்கள் அங்கப்பிரதட்சணம், அடியழித்தல் (அடிக்கொருதரம் விழுந்து கும்பிட்டுச் சுற்றிவருதல்), காவடி போன்ற நேர்த்திகளை வைக்கவே வேண்டாம். வைத்திருந்தால் ஐயரிடம் சொல்லி அருச்சனையாக மாற்றிக்கொள்ளலாம்.

படி ஏறவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் நானும் அவர்களில் ஒருத்தி. அவர்களுக்குச் சிவராத்திரி இருக்கிறது. சிவராத்திரி முடிந்ததும் கோணேசப் பெருமான் மலையை விட்டு இறங்கி நகர்வலம் வருவார். தெருத்தெருவாக வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்போம். போன முறை இவர் கதிரையைத் தூக்கிவந்து படலையடியில் போட்டு, என்னை அதில் இருத்தினார். சுவாமி எங்கள் வாசலில் நின்று தீபம் ஏற்றுப் போனார். வரும் சிவராத்திரிக்கு மாவிலைத் தோரணம் கட்டுவது தன் வேலை என்று மகன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். அதற்கு முன் எனக்கு ஒரு கிளினிக் இருக்கிறது, இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன்.