அண்ணாச்சியின் துப்பாக்கிகள் என் பேருக்கு வந்த விதம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணாச்சி. எனக்கு உறவு கிடையாது. பேச்சிப்பாறைப் பக்கம் என் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போகும் வழியில் அவர் வீடு, அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். துப்பாக்கி என்றாலே "எங்களுக்கு வேண்டாம்பா" என்கிறவர்கள். அவரிடம் மூன்று இருந்தன. ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2019 திருத்தச் சட்டம் வந்தபோது ஒன்றை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். மீதி இரண்டைப் பற்றிய கவலை அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஒன்று பன்னிரண்டு 'போர்' (குழல் துளையின் அளவு) ஒற்றைக்குழல். மற்றது அவருடைய தாத்தா காலத்து, மருந்தையும் ஈயத்தையும் குழலின் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. "நான் போனா இதும் எங்கயாவது மூலையில கெடந்து துருவேறும். நீ வச்சுக்கிடுவியா மக்களே?" என்றார்.

உயிலில் எழுதிவிட்டால் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். தக்கலையில் நாங்கள் பார்த்த வக்கீல் சிரித்தார். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்குத் தனி வழி இருக்கிறது: உரிமதாரர் இறந்த பிறகு வாரிசுக்கு உரிமம் கொடுக்கலாம், அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி கைக்கு வந்து 25 வருடம் ஆகியிருந்தாலோ, அவர் இருக்கும்போதே கைகாட்டும் வாரிசுக்கும் கொடுக்கலாம். அந்த வாரிசுக் கணக்கில் மருமகனுக்குக்கூட இடமுண்டு, நண்பனுக்கு இல்லை. உயிலை நம்பி உட்கார்ந்திருந்தால், அவர் காலத்துக்குப் பிறகு துப்பாக்கி நேரே ஸ்டேஷனுக்கோ உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடமோதான் போகும். அதன் பிறகு நான் யாரோ ஒரு மூன்றாம் ஆள். ஆகவே அவர் கையெழுத்துப் போடத் தெம்பாக இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது.

வழி இப்படி. முதலில் என் பேரில் உரிமம். பிறகு, இன்னாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று அண்ணாச்சி ஆட்சியருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். அதுவரை இரண்டும் அவர் வீட்டில், அவர் பூட்டில்.

இதற்கிடையே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழம்பொருள் வகைத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமமே வேண்டாம் என்று 2020ல் உள்துறை அறிவித்துவிட்டதே என்றார் ஒருவர். சரிதான், ஆனால் பயன்படுத்தவும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. அண்ணாச்சி வீட்டுப் படியிறங்குவதற்கே உரிமம் என்றால் அந்தச் சலுகையால் எனக்கு என்ன லாபம்? குழலில் துளை போட்டுச் செத்த துப்பாக்கியாக்கிவிடு, தொல்லை விட்டது என்றார் இன்னொருவர். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்மையாகவே உண்டு. அதற்காக நூறு வருடத்துக்கு மேல் தாங்கிய குழலைத் துளைப்பதா? எனக்கு மனம் வரவில்லை.

மனுவில் பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் எழுதினேன். பொய்யில்லை, மரச்சீனியை (மரவள்ளியை) பன்றி என்ன பாடுபடுத்தும் என்று மலையடிவாரத்தில் விளை வைத்திருப்பவனுக்குத் தெரியும். பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியும், பாதுகாப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கியும் சட்டமே பேர் சொல்லி வைத்திருக்கிற வகைகள். பிறகு போலீஸ் விசாரணை, தாசில்தார் அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று. ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு கொஞ்ச காலம் தூங்கியது. அதை விவரித்துப் பயனில்லை.

காத்திருந்த நாட்களில் அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அந்தப் பழையதை நிதானமாகப் பார்த்தோம். குதிரையைத் தொடுவதற்கு முன்னால், மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, வாய் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். வெளியே எடுத்துக் குழலின் மேலேயே வைத்துப் பார்த்தால், கேப் (அடி விழுந்தால் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) மாட்டும் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னாலேயே கம்பி நின்றிருந்தது. அப்படியென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. யார் காலத்துக் கெட்டிப்போ, தெரியாது. கருமருந்து பழசானால் செத்துவிடும் என்பார்கள், நம்பக் கூடாது. அண்ணாச்சி தன் உரிமத்தோடு ஆயுத வியாபாரியிடம் கொண்டுபோய் எடுத்துவந்தார். துணி, கருமருந்து, உருண்டை ஈயம் எல்லாம் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் பெட்டியிலிருந்து இறக்கித் துடைத்த துப்பாக்கி! ஆச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அந்தத் துப்பாக்கியின் பித்தளைப் பட்டயத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற வழக்கம் ஆச்சியுடையது, எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது. இரும்புக்குத் தேங்காயெண்ணெய் அண்ணாச்சி கைங்கரியம். அது காய்ந்து பிசினாகி, தூசியையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து, அடியில் துரு. மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றினால் மறைவிடத்தில் முட்டை வடிவ முத்திரை, உள்ளே ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை அது. மேலே மகுடம் இல்லை, ஆக 1893க்கு முந்தியது. உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் வார்த்த துப்பாக்கி என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிவந்தவர். டிலனாய் இறந்தது 1777ல், கேப் வைத்து வெடிக்கும் முறையே அதற்கடுத்த நூற்றாண்டில்தான் வந்தது என்றேன். "அப்ப பெல்ஜியத்துக்காரன் டிலனாய்னு வச்சுக்க" என்றார்.

நம் ஊரில் இரண்டு மழைக்காலம், போதாததற்குக் கடல் காற்று. துருவை உப்புத்தாள் போட்டுச் சுரண்டவில்லை. துப்பாக்கி எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் எடுத்தேன், கருத்த மேல்பூச்சு அப்படியே இருக்கட்டும் என்று. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், சொட்டுக் கணக்கில். தோலுறையில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில் வாய் கீழாக நிறுத்துகிறேன், எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. தொட்டால் கையுறை, வியர்வை உப்பு ஒரே வாரத்தில் விரல்ரேகையைத் துருவாகவே பதித்துவிடும்.

இப்போது இரண்டும் என் உரிமத்தில். ஐந்து வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அண்ணாச்சி அவ்வப்போது வந்து அலமாரியைத் திறக்கச் சொல்வார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் அடையாளங்களை எழுதி வாங்குவேன். சென்ற முறை திரும்பி வந்தபோது கட்டையின் மேலேயே மார்க்கர் பேனாவால் வரிசை எண் எழுதியிருந்தார்கள். அடுத்த தடவைக்கு நூல் கோத்த அட்டைகள் தயாராக வைத்திருக்கிறேன், நானே கட்டிக் கொடுத்துவிடலாம்.