பெரிய குருசடியில் ஒரு மெழுகுதிரி

ஒக்டோபர் 3, 2025, வெள்ளி

அம்மம்மா போய்விட்டா. பின்னேரம் இரண்டே முக்கால் இருக்கும்.

இன்று மாதத்தின் முதல் வெள்ளி. முதல் வெள்ளிகளில் ஃபாதர் வருத்தக்காரரின் வீடுகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொண்டு வருவார், எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு, அதில் கடைசி வீடு எங்களுடையது. பத்து மணிக்கு வந்தார். மூன்று நாளாகக் கஞ்சி கூட இறங்காமல் கிடந்தவ, அவர் நற்கருணையை ஒரு சின்னத் துண்டாக முறித்து ஒரு கரண்டி தண்ணீரோடு கொடுத்தபோது வாயைத் திறந்து வாங்கினா. பிறகு நோயில் பூசுதல். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய். அம்மம்மாவின் காலத்தில் இதை அவஸ்தை பூசுதல் என்பார்கள், ஃபாதர் அதற்காகப் படியேறினாலே வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்களாம். இப்போது வருத்தம் கடுமையானால் எத்தனை முறையும் பூசலாம் என்கிறார்கள், அம்மம்மாவுக்கே இது மூன்றாம் தரம். சாகும் நேரத்தில் கொடுக்கும் நன்மைக்கு வழியுணவு என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தச் சொல்லை வேதபாட வகுப்பில் பாடமாக்கி எழுதியிருக்கிறேன், இன்றுதான் கண்ணால் கண்டேன்.

மூன்றரைக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. ஒரு அடி, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு அடி. அந்த இடைவெளிக்குள் ஊர் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு "ஆர்?" என்று கேட்டிருக்கும். இத்தனை வருடமும் நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். இன்று முதல் தடவையாகப் பதில் எங்கள் வீட்டில் இருந்தது.

ஒக்டோபர் 4, சனி

நேற்றிரவு ஒருவரும் படுக்கவில்லை.

மணி அடித்து அரை மணித்தியாலத்துக்குள் மரண உதவிச் சங்கத்துப் பெடியள் பந்தல் தடிகளோடும் கதிரைகளோடும் வந்துவிட்டார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் முன்வீட்டு அன்ரி பெரிய கேத்திலில் பிளேன் ரீ கொண்டு வந்தா, பின்வீட்டுச் சைவக் குடும்பம் பாணும் சம்பலும் தந்துவிட்டது. அந்த வீட்டு ஐயா அம்மம்மாவின் கால்மாட்டில் ஒரு மணித்தியாலம் பேசாமல் நின்றார். இடம்பெயர்ந்த காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே ட்ரக்டரில் போனவர்கள்.

இனிப் பெட்டிக் கதை. கனடாவிலிருக்கும் மாமா வந்துதான் அடக்கம் என்று முடிவாகியதால் மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய் எம்பாம் பண்ணி, பெட்டியோடு கொண்டு வந்தார்கள். பித்தளைப் பிடியும் உள்ளே பட்டுத் துணியும் வைத்த பெட்டி, காசு மாமா அனுப்பியது. எனக்கு இது மனத்தாங்கலாக இருக்கிறது, எழுதாமல் விட முடியவில்லை. ஏப்ரல் 26ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸின் அடக்கத்தை நானும் அம்மம்மாவும்தான் ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முந்திய பாப்பரசர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி வைப்பார்கள், இவர் அந்த முறையை மாற்றி ஒரே பெட்டி போதும், நிலத்தில் புதைத்தால் போதும், கல்லில் பெயரை மட்டும் வெட்டினால் போதும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர். அம்மம்மா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னா, "பிள்ளை, பாப்பரசருக்கே ஒரு பெட்டி காணுமெண்டால் எனக்குப் பலகைப் பெட்டி காணும், பாத்துக்கொள்." நேற்று அதை மாமாவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். அவர் மறுபக்கத்தில் அழுதார். "நான் அவவுக்கு வேற என்னடி செய்தனான்?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

தலைமாட்டில் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி, விரல்களில் சுற்றிய செபமாலை, கழுத்தில் கார்மேல் உத்தரியம், நூலில் கோர்த்த சின்னத் துணிச் சின்னம். அந்த உத்தரியத்தின் நூல் மட்டும் பழையது, மற்றதெல்லாம் புதிது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

செபமாலை மாதம் என்பதால் இந்த மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் செபமாலை நடக்கும். நேற்றும் இன்றும் முறைக்காரர் தங்கள் வீட்டை விட்டு எங்கள் பந்தலுக்கே எல்லோரையும் கூட்டி வந்துவிட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல். ஒவ்வொரு பத்துச் செபமணி முடிவிலும் "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அருளும் ஆண்டவரே" என்று ஒரு பக்கம் சொல்ல, "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று மற்றப் பக்கம் சொல்லும், சொல்லிச் சொல்லி அது மூச்சு மாதிரி ஆகிவிடுகிறது. இடையில் பெரியம்மா உடைந்து ஒப்பாரியில் விழுந்தா. சில ஊர்களில் ஒப்பாரி வேண்டாம், செபம் மட்டும் போதும் என்று சொல்லுவார்கள். எங்கள் ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை, செபமாலையைக் கையில் பிடித்தபடி அவ முடிக்கும்வரை நின்றார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

பெரியம்மாவின் ஒப்பாரியில் முழுக்க அம்மப்பாதான். "உன்ர ராசா கிடக்கிற இடம் தெரியாமல் முப்பது வருசம்" என்று.

அதை எழுத வேண்டும். 1995 ஒக்டோபர் 30, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. எனக்கு ஏழு வயது. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் மழையில் நின்றது மட்டும் துண்டு துண்டாக ஞாபகம். தென்மராட்சி, பிறகு கிளாலியில் வள்ளம், பிறகு வன்னி. 1996 தொடக்கத்தில் அம்மப்பாவுக்கு மலேரியா. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னக் கோயில் வளவில், ஒரு பாலை மரத்தடியில் புதைத்தார்கள். பெட்டிக்குப் பலகை இல்லாமல் பாயில் சுற்றித்தான். இரண்டு தடியைக் கயிற்றால் கட்டிக் குருசு நட்டது பெரியப்பா. பிறகு அங்கே சண்டை. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் அம்மம்மா முதல் வேலையாகப் போனா, நானும் கூடப் போனேன். கோயிலின் ஒரு சுவர் நின்றது. மரமும் இல்லை, குருசும் இல்லை. அந்த வளவு முழுக்க நடந்து நடந்து பார்த்துவிட்டு, ஒரு பிடி மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தா.

ஒக்டோபர் 6, திங்கள்

மாமா விடியப் புறம் வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு கதை கிளம்பியது. தகனம் செய்தால் சாம்பலில் கொஞ்சம் ரொறன்ரோவுக்குக் கொண்டு போகலாமா என்று. அவர் பிழையாகக் கேட்கவில்லை, அங்கே அவருடைய கூட்டாளிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஃபாதர் பொறுமையாக விளங்கப்படுத்தினார், 1963இலேயே திருச்சபை தகனத்தை அனுமதித்துவிட்டது, ஆனால் அடக்கத்தைத்தான் விரும்புகிறது, 2016இல் வத்திக்கான் விட்ட அறிவுறுத்தலில் சாம்பலைத் தூவவோ பிள்ளைகளுக்குள் பங்கு போடவோ கூடாது என்று இருக்கிறது என்று. அம்மா ஒரே சொல்லில் முடித்தா. "ஒராளைத் தேடினது காணும். இவவையாவது ஒரு இடத்தில கிடக்க விடுங்கோ."

பின்னேரம் சேமக்காலைக்குப் போய் குழியைப் பார்த்தோம். கடற்கரை மண், வெட்டுவது சுகம், ஆனால் ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் நாலரை அடியில் தண்ணீர் ஊறுகிறது. குழி வெட்டுகிற அண்ணை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் வந்து திரும்பவும் இறைப்பாராம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. செபமாலை மாதாவின் திருநாளில்.

மூன்று மணிக்கு வீட்டிலிருந்து எடுத்தோம். முன்னால் குருசு, பிறகு சங்கத்துக் கொடி, பிறகு நாங்கள். மாமா வாகனத்துக்குச் சொல்லி வைத்திருந்தார், ஆனால் பெடியள் தோளில்தான் தூக்கினார்கள். கோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து வரவேற்றார், ஞானஸ்நானத்தில் ஊற்றிய தண்ணீரின் நினைவாக. பெட்டியின் பக்கத்தில் பாஸ்காத் திரி, உயிர்ப்புத் திருநாளில் ஏற்றுகிற பெரிய திரி, எரிந்தது. பொதுநிலையினருக்குக் கால் பீடத்தைப் பார்த்தபடி வைப்பார்கள், வழக்கமாகக் கோயிலில் இருக்கிற மாதிரியே. குருவானவர் என்றால் தலை பீடத்தின் பக்கம், சனத்தைப் பார்த்தபடி. அம்மம்மாவின் பெட்டி நின்றது அவ எப்போதும் இருக்கும் வாங்கிலுக்குப் பக்கத்தில். ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பிரிந்திருந்த காலத்திலிருந்தே அதே மூன்றாவது வாங்கில்.

பூசை முடிவில் உரைகள். முறைப்படி அடக்கப் பூசையில் பிரசங்கம் புகழுரையாக இருக்கக் கூடாது, இறுதி விடைகொடுப்புக்கு முன் குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாக இரண்டு வார்த்தை சொல்லலாம். இன்று ஐந்து பேர் பேசினார்கள், ஐம்பது நிமிடம். அவ எந்தச் சங்கத்தில் எத்தனை வருடம் இருந்தா, பேரப்பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்ன படிக்கிறார்கள் என்று. வெளிநாட்டில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகப் பேசிய மாதிரித்தான் எனக்குப் பட்டது. ஒருவரும் அவ வன்னியில் மூன்று பிள்ளைகளோடு மரவள்ளி நட்டு எங்களைக் காப்பாற்றியதைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எழும்ப முடியவில்லை.

தூபம் காட்டி, தீர்த்தம் தெளித்து, சேமக்காலைக்கு. மழை தூறல்தான். குழியில் தண்ணீர் இல்லை, அந்த அண்ணை காலையில் வந்து இறைத்து அடியில் காய்ந்த மணல் போட்டு வைத்திருந்தார். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய சீலைத் துண்டை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த மண்ணையும் போட்டா. 2002இல் கொண்டு வந்த மண். அது இன்னும் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அலுமாரியில் அம்மம்மாவின் கூறைச் சேலைக்குள் இருந்ததாம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பத்து நாளுக்கு மேல் எழுதவில்லை. மாமா போய்விட்டார். போக முன் கருங்கல்லில் கல்லறை கட்ட வேண்டும் என்று நின்றார். சேமக்காலையில் இடம் இல்லை, சாதாரணக் குழிகளைச் சில வருடங்களுக்குப் பிறகு திரும்ப வெட்டுவார்கள், அதனால் மரக்குருசு மட்டும்தான் என்று பங்குச் சபை சொல்லிவிட்டது. அவருக்குக் கோபம். எனக்குக் குருசு போதும். நான் கேட்டது வேறு.

இன்று பூசைக்குப் பிறகு ஃபாதரிடம் கேட்டேன், குருசில் அம்மப்பாவின் பெயரையும் எழுதலாமா என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு அடக்கப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னார், அதில் இங்கே அடக்கம் செய்யப்பட்டவரின் பெயர்தான் வரும், அதை மாற்ற முடியாது. "ஆனா குருசு பதிவேடு இல்லையே. நினைவாக எண்டு எழுதுங்கோ" என்றார்.

ஒக்டோபர் 31, வெள்ளி

குருசு வந்துவிட்டது. தேக்குப் பலகை, வெள்ளைப் பூச்சு. மேலே அம்மம்மா, கீழே சின்ன எழுத்தில் அம்மப்பாவின் பெயரும் "1996, வன்னியில்" என்பதும். தச்சு வேலை செய்கிற அண்ணை எழுத்துக்குக் காசு வாங்கவில்லை.

கணக்குப் பார்த்தால் 31ஆம் நாள் நவம்பர் 2இல் வருகிறது. பழைய ரோமைத் திருப்பலிப் புத்தகத்தில் 3ஆம், 7ஆம், 30ஆம் நாள்களுக்குத்தான் பூசை இருந்தது. நாங்கள் 31 வைக்கிறோம், அயலில் சைவ ஆட்கள் இறந்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்கிற அதே நாள். இந்த மண்ணில் சேர்ந்து இருந்ததில் வந்த கணக்கு, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்த விசுவாசிகள் தினம். ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலும் இதற்குத்தான் முதலிடம், அதனால் இன்று ஊதா உடுப்பில் பூசை. நத்தாரைப் போல இந்த நாளிலும் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915இல் 15ஆம் பெனடிக்ற் பாப்பரசர் கொடுத்த அனுமதி அது, செத்தவர்கள் அவ்வளவு பேர். ஃபாதர் பிரசங்கத்தில் அதைச் சொன்னபோது கோயில் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. நவாலிக் கோயிலில் குண்டு விழுந்த 1995 யூலை 9ஐ நினைக்காதவர் ஒருவரும் அங்கே இருந்திருக்க மாட்டார்.

பின்னேரம் சேமக்காலை. ஒரு கிழமையாக எல்லோரும் புல்லுச் செருக்கி, வெள்ளை மணல் பரப்பி, பூ வைத்து வைத்திருக்கிறார்கள். இருட்டத் தொடங்கத் திரிகள். நவம்பர் 1 தொடங்கி எட்டு நாளும் சேமக்காலைக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினால், பாவசங்கீர்த்தனம் செய்து நன்மையும் எடுத்திருந்தால், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு நிறைபேறு பலன், அதாவது பாவத்தின் தண்டனையிலிருந்து முழு விடுதலை, கிடைக்கும் என்பது நம்பிக்கை, அதனால் நாளையும் வருவேன்.

முப்பது வருடத்தில் அம்மம்மா ஒரு தரமும் நவம்பர் 2இல் ஒரு குழியடியில் நின்றதில்லை. சேமக்காலை நடுவில் இருக்கிற பெரிய குருசடிக்குத்தான் போவா. குழி இங்கே இல்லாதவர்கள், எங்கே என்று தெரியாதவர்கள், கடலில் போனவர்கள், எல்லோருக்கும் திரி கொளுத்துவது அங்கேதான். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், எங்களுக்கு ஏன் எங்கட இடம் இல்லை என்று.

இன்று எங்களுக்கு இடம் இருக்கிறது. இரண்டு திரி கொளுத்தினோம். ஃபாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். எல்லாம் முடிந்து அம்மா வெளிக்கிட, எனக்குக் கால் தானாகவே பெரிய குருசடிக்குப் போய்விட்டது. அங்கே கூட்டம் குறையவில்லை. படிக்கட்டு முழுக்க மெழுகு உருகி ஓடிக்கிடந்தது. நானும் ஒன்று கொளுத்தி வைத்தேன்.

திரும்பும்போது முன்வீட்டு அன்ரியைக் கண்டேன். அவவின் மகன் 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வரும்போது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பதிவுக்கென்று இறக்கப்பட்டவர், பிறகு ஒரு தகவலும் இல்லை. கையில் கொளுத்தாத திரியோடு சேமக்காலை வாசலுக்கு வெளியே நின்றா. "உள்ள வாங்கோ அன்ரி, குருசடியில் வைப்பம்" என்றேன், யோசிக்காமல்.

"நான் ஏன் அங்க வைக்கோணும்? அவன் செத்தவனெண்டு ஆர் சொன்னது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவ கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டா. இரண்டு பேரும் கோயில் பக்கம் நடந்தோம், மாதா சுரூபம் இருக்கிற கெபிக்கு. அங்கேதான் அவ ஒவ்வொரு நவம்பரும் வைக்கிறாவாம். காற்றுக்குத் திரி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் நான் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன், அவ கொளுத்தினா.