கந்தல் தைக்கிற வேலை

அமெரிக்க நாடக அரங்குகளில் டிசம்பர் மாதத்துக்கென்று ஒரு நாடகம் தனியாக இருக்கும். நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் என்ற நன்றி கூறும் பண்டிகை முடிந்த கையோடு தொடங்கி, கிறிஸ்துமஸ் தாண்டியும் ஓடும். தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். வருஷம் முழுக்கப் போடுகிற மற்ற நாடகங்களுக்குக் கை கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றின் வசூல்தான். ஆனாலும் நாடகக்காரர்கள் நடுவே இதற்கு மரியாதை கொஞ்சம் மட்டு. வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற நாடகம், கலைக்காகச் செய்கிறது வேறு என்பது போலப் பேசுவார்கள். மத்திய மேற்கில் நடுத்தரமான ஓர் ஊரின் அரங்கில் உடைப் பிரிவில் வேலை செய்கிறேன். தைப்பது, அளவு சரிபார்ப்பது, நாடகம் ஓடும்போது மேடைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு உடை மாற்றிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. என்னைக் கேட்டால், வருஷத்திலேயே அதிக அக்கறையோடு செய்ய வேண்டியது இந்த டிசம்பர் நாடகத்தைத்தான்.

அமெரிக்க நாடகம் என்றால் நியூயார்க்கின் பெரிய அரங்குகள் இருக்கும் பிராட்வே என்றுதான் நம் ஊரில் பலருக்கும் தெரியும். ஆனால் நியூயார்க்குக்கு வெளியே ஊருக்கு ஊர் லாப நோக்கில்லாத அரங்குகள் உண்டு. டல்லாஸில் மார்கோ ஜோன்ஸ் என்ற பெண்மணி 1947-ல் ஒன்றை ஆரம்பித்தார். அதே வருஷம் ஹூஸ்டனில் ஆலி தியேட்டர், 1950-ல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ், 1963-ல் மினியாபொலிஸில் கத்ரி என்று வரிசையாக வந்தன. நல்ல நாடகம் பார்க்க யாரும் நியூயார்க்குக்கு ரயில் ஏற வேண்டியதில்லை என்பதுதான் இவர்களின் எண்ணம். கத்ரியில் 1975-லிருந்தும், சிகாகோவின் குட்மன் அரங்கில் 1978-லிருந்தும் டிசம்பர் வந்தால் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நாடகம்தான். எங்கள் அரங்கில் அப்படி ஒன்றையே பிடித்துக்கொள்வதில்லை. எல்லா வயதினரும் பார்க்கக்கூடிய ஏதாவது ஒரு இசை நாடகத்தை மாற்றி மாற்றிப் போடுவோம். இந்த முறை 'அன்னி', ஓர் அநாதைச் சிறுமியின் கதை.

அன்னியின் கதை நாடகத்துக்கு முன்பே அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஹெரால்ட் கிரே என்பவர் 1924-ல் பத்திரிகையில் வரையத் தொடங்கிய சித்திரத் தொடர் அது. நாடகமாக முதலில் மேடையேறியதும் பிராட்வேயில் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ஈஸ்ட் ஹாடம் என்ற சிற்றூரில் இருக்கும் குட்ஸ்பீட் அரங்கில், 1976-ல். அடுத்த வருஷம் பிராட்வேக்குப் போய் 2,377 முறை நடந்தது, பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுகளில் 7 வாங்கியது. எங்களைப் போன்ற ஒரு வெளியூர் அரங்கில் பிறந்த பிள்ளை இது. அதனால் எனக்கு இதன்மேல் கூடுதல் பிரியம்.

அன்னி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சுருட்டைச் சிவப்பு முடியும் சிவப்பு கவுனும்தான். அந்தச் சிவப்பு கவுன் நாடகத்தின் கடைசியில், கிறிஸ்துமஸ் காட்சியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் மேடையில் நிறைய நேரம் இருப்பது கந்தல். கதை நடப்பது 1933 டிசம்பர். அமெரிக்காவில் வேலைக்குப் போகக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம். வீடிழந்தவர்கள் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டு, அந்தக் குடியிருப்புகளுக்கு அதிபர் ஹூவரின் பெயரையே கோபத்தோடு சூட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு காலத்தின் அநாதை விடுதியில் இருக்கும் சிறுமிகள் இவர்கள். பாட்டு எத்தனை துள்ளலாக இருந்தாலும் அவர்கள் போட்டிருக்கும் துணி பொய் சொல்லக் கூடாது. அந்தத் துணியில் பஞ்சம் தெரிந்தால்தான் கடைசியில் வரும் சிவப்புக்கு அர்த்தம்.

ஆரம்பத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், ஒட்டுப்போட்டது போல அச்சடித்த துணி விற்கிறார்கள், அதை வாங்கித் தைத்துவிட்டால் வேலை சுலபம் என்று ஒருவர் சொன்னார். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நாடகம்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். செலவைப் பற்றிய கவலை அவருடையது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் "பிள்ளைகள்தானே" என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பெரியவர்கள் வசனத்தைக் கேட்கிறார்கள், பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். முன் வரிசையில் இருக்கும் ஆறு வயதுக்காரிக்கு மேடையில் நிற்கும் சிறுமியின் காலுறை நழுவியிருப்பது தெரியும். கூட்டத்தில் அதைச் சொன்னேன். எங்கள் உடை வடிவமைப்பாளர் என் பக்கம் நின்றார். அசல் பருத்தியிலேயே தைப்பது என்று முடிவாயிற்று.

சரி, கந்தலை எப்படித் தைப்பது? முதலில் நல்ல கவுனாகத்தான் தைக்க வேண்டும். ஓரம் அடித்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, கடையில் விற்கலாம் என்கிற அளவுக்குச் செய்து முடித்த பிறகுதான் அதைக் கெடுக்கிற வேலை. பல முறை துவைத்துக் கஞ்சியும் புதுத்துணி விறைப்பும் போக வேண்டும். டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்தால் வெள்ளை பழுப்பாகும். காலர் மடிப்பு, பாக்கெட் வாய், மணிக்கட்டு இங்கெல்லாம் உப்புத்தாளால் தேய்ப்போம். சில இடங்களுக்குச் சமையலறைத் துருவிதான் சரிப்படும். சாம்பல் நிறச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, பிள்ளைகள் கையைத் துடைத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து ஒற்றி எடுப்போம். பிறகு கிழிப்போம். கிழித்த இடம் மேற்கொண்டு கிழியாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்துவிடுவோம். தினம் துள்ளிக் குதித்து ஆடி, தினம் துவைபட்டு, ஜனவரி வரை அந்தக் கிழிசல் அதே அளவில் இருக்க வேண்டுமே. நல்ல துணியைவிடக் கந்தலுக்குத்தான் உழைப்பு அதிகம்.

இதில் பிள்ளைகள் வளர்கிற விஷயம் வேறு. பள்ளிக்கூடமும் தூக்கமும் கெடாமல் இருக்க, சிறுமிகளில் இரண்டு அணி வைத்து மாற்றி மாற்றி மேடையேற்றுகிறோம். ஆக ஒவ்வொரு உடுப்பும் இரண்டு. செப்டம்பரில் அளவெடுத்த பிள்ளை டிசம்பரில் அதே உயரத்தில் இருப்பதில்லை. கவுனின் நீளம் மாறினால் ஆட்டத்தில் கால் தெரிகிற விதமே மாறிவிடும். அதனால் எல்லாவற்றிலும் உள்தையல் தாராளமாக விட்டு, பிறகு பிரித்து நீளமாக்கிக்கொள்ள அடியில் ஒரு டக், அதாவது ஒரு மடிப்பு, பிடித்து வைத்தேன். வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது எங்கள் ஊரில் அம்மாக்கள் தையல்காரரிடம் தவறாமல் கேட்டு வாங்குவது அது. என்னோடு வேலை செய்கிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, மற்ற உடுப்புகளிலும் அவர்களாகவே பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அணியில் ஒரு தமிழ்ச் சிறுமியும் இருந்தாள். பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, ஒரு மதியக் காட்சி முடிந்து முன்கூடத்தில் காத்திருந்தார். உடை தைக்கிறவள் நான் என்று பேத்தி காட்டிக்கொடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இத்தனை காசு டிக்கெட் போடுறாங்க, பிள்ளைக்கு ஒரு நல்ல கவுன் தைக்கக் கூடாதா?"

"கதையில அவங்க அநாதைப் பிள்ளைங்க பாட்டி. யாரோ போட்டுக் கழிச்ச துணி."

"அது தெரியுது. கிழிசல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அக்கா பாவாடையைத் தங்கச்சிக்குப் பிரிச்சு விட்டா, அடியில ஒரு கோடு நிக்குமே. எத்தனை துவைச்சாலும் போகாதே. அதக் காணோமே?"

எனக்குப் பேச்சே வரவில்லை. எவ்வளவு சரி! மடிப்பின் முனை தேய்ந்து வெளுத்திருக்கும். மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி மட்டும் பழைய நிறத்தில் அடர்த்தியாக இருக்கும். இல்லாத வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் அந்தக் கோடு தெரியும், நாட்டுக்கு நாடு அது மாறாது. பழைய புகைப்படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் 1930-களின் அமெரிக்கப் பிள்ளைகளின் கவுனிலும் அது இருக்கிறது. நாடகம் தொடங்கிவிட்டால் வடிவமைப்பாளரைக் கேட்காமல் நாங்கள் உடையில் ஒரு பட்டனைக்கூட மாற்றக் கூடாது. அன்றைக்கே அவருக்கு போன் செய்தேன். உடனே சரி என்றார். எங்களுக்கு விடுமுறை நாளான திங்கட்கிழமை நானும் இன்னொருத்தியும் உட்கார்ந்து, கவுன்களின் அடிமடிப்பை முனையில் உப்புத்தாளால் தேய்த்து, பிரித்து, கீழே புதிதாக ஓரம் அடித்தோம். பாட்டி ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை வந்து பார்த்தார். "இப்ப சரி" என்று மட்டும் சொன்னார்.

நாடகம் ஓடத் தொடங்கினால் எங்கள் வேலை மேடைக்குப் பக்கவாட்டு இருட்டுக்கு மாறிவிடும். திரை எழ அரை மணி நேரம் இருக்கும்போது ஸ்டேஜ் மேனேஜர் ஒலிபெருக்கியில் சொல்வார், அப்புறம் பதினைந்து நிமிஷம், ஐந்து நிமிஷம். "ஃபைவ்" என்று அவர் சொன்னால், காதில் விழுந்தது என்பதற்கு அடையாளமாக எல்லோரும் "தாங்க் யூ, ஃபைவ்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பெரிய நடிகர்கள் சிலர் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தச் சிறுமிகள் ஒரே குரலில் கட்டடம் அதிரச் சொல்வார்கள். அன்னி கந்தலிலிருந்து சிவப்புக்கு மாறுவதற்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒருத்தி ஸ்வெட்டரைக் கழற்ற, ஒருத்தி விக்கை எடுக்க, நான் சிவப்பு கவுனைத் தரையில் வட்டமாக விரித்துப் பிடித்திருப்பேன், பிள்ளை அதற்குள் கால் வைப்பாள். முதுகில் பார்வைக்கு வரிசையாகப் பட்டன், அடியில் இருப்பதெல்லாம் பிரஸ் பட்டன். ஷூ கயிறு கட்டினது போல இருக்கும், உள்ளே எலாஸ்டிக். சின்ன டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டுதான் இத்தனையும்.

அன்னியின் நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1976-ல் குட்ஸ்பீடில் முதல்முறை நாடகம் போட்டபோது, அங்கே பயிற்சிக்கு இருந்த வில்லியம் பெர்லோனி என்ற இளைஞர், காப்பகத்தில் மறுநாள் கொல்லப்படவிருந்த ஒரு நாயைக் கொண்டுவந்து பழக்கினார். பிராட்வே வரை போனது அந்த நாய். எங்கள் மேடைக்கு வருவதும் காப்பகத்து நாய்தான். அன்னியாக நடிக்கும் சிறுமிகளைத் தவிர வேறு யாரும் அதற்குத் தின்னக் கொடுக்கவோ கொஞ்சவோ கூடாது, மேடையில் அது அவர்களை மட்டுமே தேடி வர வேண்டும். அதற்காக அன்னியின் ஸ்வெட்டரில் ஒரு ரகசியப் பாக்கெட், அதில் வேகவைத்த கோழித் துண்டுகள். முதல் வாரத்தில் எண்ணெய் ஊறி வெளியே கறை தெரிந்தது. கழற்றி மாட்டுகிற மாதிரி நீர் புகாத துணியில் ஒரு உள்பை தைத்துக் கொடுத்தோம், தினம் அதை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். உடம்பில் ஒட்டுகிற துணியெல்லாம் தினமும் துவைத்தாக வேண்டும். கோட்டு மாதிரித் துவைக்க முடியாதவற்றின் உள்பக்கத்தில் மலிவான வோட்காவைத் தண்ணீர் கலந்து தெளிப்போம். வேர்வை நாற்றத்தைக் கொல்ல அதைவிட நல்லது இன்னும் வரவில்லை. மதியமும் இரவும் காட்சி இருக்கிற நாட்களில் அந்தப் பாட்டில் கையை விட்டு இறங்காது.

வார நாட்களில் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடக் காட்சி. மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். அரங்கில் விளக்கு அணைந்ததும் அத்தனை பிள்ளைகளும் கத்துவார்கள். பயத்தில் இல்லை, ஏதோ நடக்கப் போகிறது என்ற குஷியில். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் நாடகம் இது. சிலருக்கு இதுவே கடைசியாகவும் இருக்கலாம், டிக்கெட் வாங்கிக் கூட்டிவரும் நிலையில் எல்லா வீடும் இல்லை. ஒரு நாள், சத்தமும் பளிச்சென்ற வெளிச்சமும் தாங்காத பிள்ளைகளுக்காகத் தனிக் காட்சி. நியூயார்க்கில் 2011-ல் 'தி லயன் கிங்' நாடகத்துக்கு இப்படி நடத்தினார்கள், இப்போது பல ஊர்களில் வழக்கம். அரங்கின் விளக்கு முழுதாக அணையாது, ஒலியைக் குறைத்து வைப்போம், எழுந்து நடக்கலாம், பேசலாம், வெளியே போய்த் திரும்ப வரலாம். அந்தக் காட்சிக்கு முன் சில பிள்ளைகள் உடைகளைத் தொட்டுப் பார்க்க ஏற்பாடு உண்டு. ஒரு பையன் கவுனின் அடியிலிருந்த வெளுத்த கோட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே போனான். பிறகு நாடகம் முழுக்க அந்தக் கவுன் மேடைக்கு வரும்போதெல்லாம் கைநீட்டிக் காட்டினான் என்று அவன் அம்மா சொன்னார். அச்சடித்த துணியில் அவன் விரலுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஜனவரியில் எல்லாவற்றையும் துவைத்து, பெயர்ச் சீட்டுகளைப் பிரித்து, பெட்டியில் அடுக்கினோம். கந்தல் கவுன்களை ஓர் உயர்நிலைப் பள்ளி வசந்த கால நாடகத்துக்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறது. டக் இன்னும் மிச்சமிருக்கிறது, அங்கே இருக்கும் உயரமான பெண்களுக்கும் பிரித்து விடலாம். பிப்ரவரியில் எங்கள் சின்ன அரங்கில் ஓர் இளம் எழுத்தாளரின் புது நாடகம், மூன்றே பாத்திரங்கள். பெயர் தெரியாத நாடகத்துக்குக் கூட்டம் வராது என்று எல்லோருக்கும் தெரியும், அன்னி கொண்டுவந்த பணத்தில்தான் அதைப் போடுகிறோம். கதையில் ஒரு பாத்திரம் செத்துப்போன அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது. அந்தக் கோட்டின் தோள் எவ்வளவு தொங்க வேண்டும் என்று வடிவமைப்பாளரோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அளவெடுப்பு.