நிலம் இருக்கு, புத்தகம் இல்லை
கடன் என்றாலே வட்டியைத்தான் பேசுகிறோம். ரெண்டு நாளாக வியட்நாம் மலைக் கிராமங்களைப் பற்றிப் படிக்கிறேன்; அங்கே வட்டிக்கு முன்னாலேயே கதவு சாத்திக்கொள்கிறது.

அரசு ஏற்ற இனங்கள் 54. மக்கள்தொகையில் கின் இனத்தவர் மட்டும் சுமார் 85 சதவீதம். சிறுபான்மையினரில் பெரும்பாலோர் மலைப்பகுதிகளில். வங்கி கேட்பது நிலச் சான்றிதழ், அங்கே பேச்சில் ‘சிவப்புப் புத்தகம்’. தலைமுறையாகக் காடு திருத்திப் பயிர் வைத்தவரிடம் நிலம் இருக்கும், அந்தப் புத்தகம் இருக்காது. படிவமோ அவர் தாய்மொழியில் இல்லை, வியட்நாமிய மொழியில்.

இப்படி வங்கிக் கதவு திறக்காத ஏழைகளுக்காக 2002இல் சமூகக் கொள்கை வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல், ஊர்க்குழு வழியாகக் கடன். மாதம் ஒருநாள் வங்கி ஊழியர்களே ஊருக்கு வந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனாலும் வடமேற்கு மலைகளில் மக்காச்சோள விதையும் உரமும் வியாபாரியிடம் கடனாக வாங்குகிறவர்கள் நிறைய. அறுவடை முடிந்ததும் சோளம் நேரே அவரிடம் போகும். விலை? அதையும் அவரே சொல்வார். இதைக் கந்துவட்டி என்று யாரும் எழுதுவதில்லை, ‘முன்பணம்’ என்கிறார்கள்.