மூணு மாசத்து விறகு

எங்க ஊர் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா பாசார்ல கோப்பி குடிக்கிற பெருசுங்க யாரக் கேட்டாலும் பழைய பேருதான் வாயில வரும். சுத்தி கித்தா (ரப்பர்) காடா இருந்த எடம் இப்ப பூரா செம்பனை, எண்ணெய்க்கு போடுற பனை. நான் பொறந்த லயத்தையும், அதான் தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்டையும், இடிச்சிட்டாங்க, கோயில் மட்டும் நிக்குது.

பதினாறு வயசுலேர்ந்து சிறுகதை எழுதுறேன். ஞாயிறு பேப்பர்ல கதை வந்துச்சுன்னா அப்பா அத நாலு வீட்டுக்கு எடுத்துட்டு போய் காட்டிட்டுத்தான் பசியாறவே உக்காருவாரு. 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பேப்பர் 2019-ல நின்னப்ப எங்க வீட்ல யாரோ தவறிட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கும் மூணு வருஷம் முன்னாடி எழுதின ஒரு கதையப் பத்தி.

பாட்டியோட அண்ணன் சயாமுக்கு, இப்ப தாய்லாந்துன்னு சொல்றாங்கள்ல அங்க, போனவரு. ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் ரயில் ரோடு போட நம்ம தோட்டத்து ஆளுங்கள அள்ளிட்டு போனாங்கள்ல, அதுல. மூணு மாச வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. தாத்தா, அதாவது பாட்டியோட அப்பா, காய்ச்சல்ல கிடந்ததால பதினெட்டு வயசு மகன் போனாரு. அப்ப பாட்டிக்கு ஏழு வயசு. 1943 அக்டோபர்ல அந்த ரோடு முடிஞ்சிருச்சு, 45-ல சண்டையும் முடிஞ்சிருச்சு, அவரு வரல, கடுதாசியும் வரல. காலராவுலயும் மலேரியாவுலயும் பசியிலயும் செத்தவங்க எத்தனையோ ஆயிரம் பேரு. சயாம்ல காஞ்சனாபுரியில வெள்ளைக்கார, டச்சுக்கார சிப்பாய்ங்களுக்கு கிட்டத்தட்ட 7,000 கல்லறை வரிசையா இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஆளுக்கு ஒரு கல்லு கெடையாது.

இத வச்சு நான் எழுதின கதையில அண்ணன் காட்டுக்குள்ள மழையில கிடந்து தங்கச்சி பேரச் சொல்லிக்கிட்டே சாவாரு. அவருக்கு பேசி வச்சிருந்த மாமன் மக, அவங்கள நாங்க பெரியாச்சின்னு கூப்பிடுவோம், அவங்க கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்காம சடக்கு ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டே கிழவியாயிடுவாங்க. எழுதுறப்ப நானே அழுதேன், அதனால நல்ல கதைன்னு நெனச்சுட்டேன்.

பாட்டிக்கு படிக்கத் தெரியாது, ஒரு சாயங்காலம் வாசல்ல உக்காந்து வாசிச்சுக் காட்டினேன். அழுவாங்கன்னு எதிர்பாத்தேன். அவங்க வெத்தலைய மடிச்சு கையிலயே வச்சுக்கிட்டு என்னைய பாத்தாங்க.

"யாருடி சொன்னா எங்கண்ணன் செத்துட்டாருன்னு?"

நான் முழிச்சேன். "இல்ல பாட்டி, இத்தனை வருஷம் ஆச்சு..."

"நீ பாத்தியா? நான் பாக்கல. எங்கம்மா சாகுற வரைக்கும் அவருக்கு திதி குடுக்கல, தெரியுமா ஒனக்கு?"

எனக்கு தெரியாது. இத்தனை வருஷம் அதே வீட்ல இருந்தும் நான் கேட்டதே இல்ல.

அடுத்து பெரியாச்சி விஷயத்துக்கு வந்தாங்க, அதுக்குத்தான் கோபம் இன்னும் ஜாஸ்தி. "அவள ஏன்டி இப்படி ஒத்தையா நிக்க வச்சுட்ட? அஞ்சு வருஷம் காத்திருந்தா. எங்கம்மாதான் அவ கையப் பிடிச்சு, போதும் கண்ணு, நீ வாழுன்னு சொல்லி கட்டி வச்சுச்சு. ஆறு புள்ள பெத்தா, அந்த மனுசனோட சந்தோஷமா இருந்தா. தீவாளிக்கு மொத தட்டு அதிரசம் எங்கம்மாவுக்குத்தான் வரும், அவ மாமியா வீட்டுக்கு அப்புறம்தான். அத எழுத ஒனக்கு தெரியலையா?"

பெரியாச்சி சிரிச்சு நானே பாத்திருக்கேன், அவங்க மடியில படுத்து தூங்கியிருக்கேன், ஆனா கதைன்னு வந்ததும் அவங்கள அழ வச்சாத்தான் காதல்னு என் கை தானா எழுதிருச்சு. நம்ம தோட்டத்துக் கதைங்க நிறைய படிச்சவ நான், ஒண்ணு சாவாங்க இல்ல காத்திருந்தே கரைஞ்சு போவாங்க, அந்தப் பழக்கம் எனக்குள்ள ஊறிப்போயிருந்துச்சு. ஒருத்தர மறக்காமயே இன்னொருத்தரோட நல்லா வாழ்ந்துட முடியும்னு எங்க வீட்டுக்குள்ளயே ஒரு ஆள் இருந்துருக்காங்க, நான் அத விட்டுட்டு வேற எங்கயோ தேடியிருக்கேன்.

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, கோபம் தணிஞ்சு, பாட்டி அந்த விறகு கதைய சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் சொன்னதில்ல.

போறதுக்கு முந்தின நாளு முழுக்க அண்ணன் பட்டுப்போன கித்தா மரத்த வெட்டிப் பொளந்துக்கிட்டே இருந்தாராம். மூணு மாசத்துக்கு வேணும்ல, அப்பா காய்ச்சல்ல எந்திரிக்க மாட்டாருல்ல, அதனால. லயத்துக்குப் பின்னாடி தன் வீட்டுக்கு ஒரு அடுக்கு, மாமா வீட்டுக்கு ஒரு அடுக்கு. பெரியாச்சிகிட்ட எதுவும் பேசல, பேச முடியாது அந்தக் காலத்துல, ஆனா ரெண்டு அடுக்குல மாமா வீட்டு அடுக்குதான் ஒசரம்னு பாட்டிக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "இது தீர்றதுக்குள்ள வந்துருவேன்"னு தங்கச்சி தலையில தட்டிட்டு போயிட்டாரு.

பாட்டியோட அம்மா ரெண்டு மாசம் அந்த விறகுல மரவள்ளிக் கிழங்கு அவிச்சாங்க, அரிசி ஏது அப்ப. மூணாவது மாசம் அடுக்கு குறையக் குறைய அவங்க கைய வைக்கிறத நிறுத்திட்டாங்க. தெனமும் பொழுது சாயுறப்ப காட்டுக்குள்ள போய் சுள்ளி பொறுக்கிட்டு வருவாங்களாம், மழை நாள்ல ஈர சுள்ளியில புகை கண்ணக் கரிக்கும், பின்னாடி காஞ்ச விறகு சும்மா இருக்கும், வீட்ல யாரும் அதத் தொட மாட்டாங்க, ஏன்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க. சண்டை முடிஞ்சு ரொம்ப நாளைக்கு அப்புறம்கூட அந்த கடைசி அடுக்கு அங்கயே இருந்து கறையான் புடிச்சு மண்ணாப் போச்சு.

நான் கதைய கிழிச்சுப் போட்டுட்டு திரும்ப எழுதினேன். ரயில் ரோடு இல்ல, காடு இல்ல, நான் பாக்காத எதுவும் இல்ல. பதினொரு பக்கம் நாலு பக்கமாச்சு. விறகு, சுள்ளி, புகை, பெரியாச்சி கல்யாணத்தன்னிக்கு மாமா வீட்டு அடுக்குலேர்ந்து அவங்களே நாலு கட்டைய எடுத்து பந்தி சமையலுக்கு போட்டது (இதுவும் பாட்டி சொன்னதுதான், அந்த வீட்டு அடுக்க அவங்களும் அதுவரைக்கும் தீர்க்காம வச்சிருந்திருக்காங்க), அவ்வளவுதான்.

அதே வாசல்ல திரும்ப வாசிச்சேன். பாட்டி இந்த தடவை வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டாங்க. ஒரு எடத்துல மட்டும் நிறுத்தி, மாமா வீட்டு அடுக்கு இன்னும் கொஞ்சம் ஒசரம், என் தலைக்கு மேலன்னு எழுதுன்னு சொன்னாங்க. மாத்திக்கிட்டேன். கடைசி வரி முடிஞ்சதும் பேப்பர மடிச்சேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் பாட்டி."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

"சரி. எனக்கும் அதுவரைக்கும்தான் தெரியும்."