சிறுநீர் அல்புமின் கட்டம் காலியாக இருந்தபோது

எதிக்ஸ் கமிட்டி அனுமதி சிக்கலில்லாமல் கிடைத்துவிட்டது. படுத்தி எடுத்தது டேட்டாதான்.

நாங்கள் சோதித்தது சிறுநீரகச் செயலிழப்பை முன்கணிக்கும் கேஎஃப்ஆர்இ சூத்திரம். 2011இல் கனடா நோயாளிகளின் தரவை வைத்து உருவானது. வயது, பாலினம், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு), சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டுவது), இந்த நான்கு இருந்தால் போதும். அந்த நான்காவதுதான் எங்கள் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் இல்லை. அதிலும் லேப் மென்பொருள், செய்யாத பரிசோதனையை எக்செலில் 0 என்று இறக்கியிருந்தது. யாரும் சொல்லவில்லை. முற்றிய நோயாளிகள் இத்தனை பேருக்கு அல்புமின் 0 என்பது நம்பும்படி இல்லாததால்தான் பிடித்தோம். டேட்டா கைக்கு வந்ததும் முதலில் ஒவ்வொரு பத்தியிலும் குறைந்தபட்ச மதிப்பைப் பாருங்கள்.

"காலியா இருக்கிற வரிசையை நீக்கிட்டு மிச்சத்தை வெச்சு முடிச்சிடுங்க" என்றார் துறையில் மூத்தவர் ஒருவர். மனம் ஒப்பவில்லை. அந்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்பட்டதே பெரும்பாலும் கால் வீங்கி, சர்க்கரை ஏறி வந்தவர்களுக்கு. அவர்களை மட்டும் வைத்துச் சூத்திரத்தை எடைபோட்டால் மற்றவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று எப்படித் தெரியும்?

பதிவேட்டுப் பிரிவில் போய்க் கேட்டால், பழைய டிப்ஸ்டிக் (சிறுநீரில் பட்டையை நனைத்துப் புரதம் பார்க்கும் பரிசோதனை) முடிவுகள் கிடையாது என்று திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் லேப் டெக்னீஷியன் அக்கா ஒருவர் அலமாரியைத் திறந்து கையால் எழுதிய நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். 1+, 2+ என்று பெரும்பாலானோருக்கு இருந்தது! மல்டிபிள் இம்ப்யூட்டேஷனில், அதாவது இருக்கும் விவரங்களை வைத்துக் காலியிடத்தைப் பலமுறை ஊகித்துப் பல தொகுப்புகளாக்கும் முறையில், காலியிடத்தை நிரப்ப இதைவிட நல்ல துணை எங்களுக்கு வாய்த்திருக்காது. மென்பொருளில் இல்லையென்றால் நோட்டைக் கேளுங்கள், அதுவும் லேபிலேயே.

நிரப்பும்போது விளைவையும் சேருங்கள்: டயாலிசிஸ் வரை போனாரா, எவ்வளவு காலத்தில். இதய நோய் அபாயத்தைக் கணிக்கும் பிரிட்டனின் க்யூரிஸ்க் சூத்திரம் 2007இல் வெளியானபோது, கொலஸ்ட்ரால் விகிதத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பே இல்லாதது போல முதலில் வந்தது. நிரப்பிய முறையில் கோளாறு, பிறகு திருத்தினார்கள். அப்புறம், நிரப்பிய தொகுப்புகளைச் சராசரி எடுத்து ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சி-ஸ்டாட்டிஸ்டிக் (ஆபத்து அதிகமானவரையும் குறைவானவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது), கேலிப்ரேஷன் ஸ்லோப் (கணித்த ஆபத்து நடந்ததோடு எவ்வளவு ஒத்துப்போகிறது) கணக்கிட்டு, கடைசியில் இந்த முடிவுகளை ஒன்றுசேர்க்கும் ரூபின் விதிப்படி இணைக்க வேண்டும்.

சரி, ஓபியில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது, அதனால் அங்கே விளைவை வைத்து நிரப்ப முடியாது. விளைவைச் சேர்த்து நிரப்பிய கணக்கு, நான்கு விவரமும் இருப்பவரிடம் சூத்திரம் எப்படி நடக்கும் என்பதைத்தான் சொல்லும். அல்புமின் முடிவு இல்லாமல் வருபவருக்காக, விளைவைச் சேர்க்காமல் இன்னொரு கணக்கு தனியாகப் போட்டோம். நேரம் வீண் என்று குழுவில் முணுமுணுப்பு. எங்கள் ஓபிக்கு வேண்டியதே அந்த இரண்டாவது கணக்குதான். அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகவே கொடுத்தோம்.