முயலுக்கு வலிக்கிறதா?

சீனாவின் செங்டு நகருக்கு மருத்துவம் படிக்கப் புறப்பட்டபோது, சீன மொழியில் நான்கு தொனிகள்தான் ஆளைக் கொல்லும் என்று எல்லோரும் பயமுறுத்தி அனுப்பினார்கள். தொனிகள் எனக்கு அவ்வளவு தொல்லை தரவில்லை. என் மானத்தை வாங்கியது மூச்சு.

தொனிக்குக் காது இருந்தால் போதும். முதல் தொனி சுருதிப்பெட்டி மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டாவது, நம்ப முடியாத செய்தியைக் கேட்டு "ஆ?" என்று இழுப்பதுபோல ஏறும். மூன்றாவது அடித்தொண்டைக்கு இறங்கும். நான்காவது, வாசலில் நிற்கும் நாயை "போ!" என்று விரட்டுவதுபோல விழும். இரண்டு மாதத்தில் 'மா' என்ற ஒரே அசையை அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நான்காகச் சொல்ல வந்துவிட்டது. மனிதனைக் குறிக்கும் 'ழென்' போன்ற சொற்களில் வரும் ஒலி ஏறக்குறைய நம் ழகரம். வட இந்திய நண்பர்கள் அதற்குத் திணறியபோது நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

அந்தக் கனம் இறங்கியது பின்யினில். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை அது. ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாவது எழுத்து அதில் 'பல்' என்பதில் வரும் நம் பகரம். பதினாறாவது எழுத்து அதே பகரம்தான், கூடவே ஒரு பிடி மூச்சு. தகரத்துக்கும் ககரத்துக்கும் இதே கதை. தமிழில் இந்த மூச்சொலி கிடையாது. எழுதிக் காட்டவும் எழுத்தில்லை. 'பாவ்' என்று மூச்சில்லாமல் சொன்னால் 'வயிறு நிறைந்தது' என்று பொருள்; மூச்சோடு சொன்னால் 'ஓடு'.

எங்கள் ஆசிரியை ஒரு மெல்லிய காகிதத்தை என் வாய்முன் பிடிப்பார். மூச்சொலி என்றால் காகிதம் துள்ள வேண்டும், இல்லையென்றால் அசையக்கூடாது. நானோ பயத்தில் எல்லாச் சொல்லுக்கும் அதைத் துள்ள வைத்தேன்.

இதற்கிடையில் 2018-ல், வெளிநாட்டவரின் சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. நான்காம் நிலைத் தேர்வு வந்தது. அப்போது அதற்கு 1200 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். 300-க்கு 180 எடுத்தால் தேர்ச்சி. நான் 231 எடுத்தேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் இருந்தன. வாயைத் திறக்கும் வேலையே இல்லை. பேச்சுக்கு வேறு தேர்வு, அதை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. சான்றிதழோடு வார்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

முதல் நோயாளி எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி. வயிறு வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். வயிறு 'தூட்ஸ', தொனி நான்கு, மூச்சு கிடையாது. நான் பலமாக மூச்சு விட்டேன். மூச்சோடு சொன்னால் அது முயல்.

"முயலுக்கு வலிக்கிறதா?"

பாட்டி போர்வையை விலக்கிப் பார்த்தார். பிறகு, "முயல் தலை தின்று ரொம்ப நாளாயிற்றே, தம்பி" என்றார். செங்டுவில் காரமான முயல் தலை பேர்போன தின்பண்டம். தாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பாட்டி வயிற்றைத் தட்டிக் காட்டி, "எங்கள் ஊரில் இதைத் தூபீ என்போம், சொல்லு" என்றார். முதல் அசைக்கு மூச்சை அடக்க வேண்டும், இரண்டாவதற்கு விட வேண்டும். எனக்கென்றே செய்து வைத்த சொல்! அவர் வீடு திரும்பும்வரை ஒன்பது நாள், தினமும் காலையில் கட்டிலருகே நின்று இருபது முறை சொன்னேன். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் சீனச் சொற்களைத் தமிழிலேயே எழுதி, மூச்சு வரும் இடத்தில் ஒரு சிறு கொக்கி போட்டேன். பின்யினைவிட அந்தக் கொக்கிதான் எனக்குக் கைகொடுத்தது.

ஆனால் நோயாளிகளிடமும் காய்கறிக் கடையிலும் படித்த சீனத்துக்கு ஒரு விலை உண்டு. செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்துக்காரர்கள் ஷகரத்தைச் சகரமாக்கிவிடுவார்கள். பொது மொழியின் 'ஷ்' என்ற பத்து அவர்கள் வாயில் 'ஸ்' என்ற நான்கின் பக்கத்தில் வந்து நிற்கும். கடைக்காரர் இரண்டு ஆட்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டினால்தான் பத்து என்று எனக்கு உறுதியாகும். சீக்கிரமே நானும் அப்படிப் பேசத் தொடங்கிவிட்டேன்.

ஒரு நாள் வகுப்பில் மணி பத்து என்று சொன்னேன். வடகிழக்கிலிருந்து வந்தவரான ஆசிரியை முகத்தைச் சுளித்து, மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தார். இந்தக் கோளாறுக்குக் காகிதம் உதவாது என்று உறைத்ததும் கீழே வைத்துவிட்டார்.